வலையில் ஏறுக தமிழ்!

(தேன்கனிக்கோட்டையில் மாணவரும் பெற்றோரும் தமிழன்பரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று இவ்வவையில் எடுத்துக்கொள்ளப்பெறும் பொருள், வலைப்பக்கம் அமைக்கக் கற்றல் என்பது. இலக்கணமும் இலக்கியமும் முழங்க வேண்டிய தமிழ் மன்றத்தில் கணினிப் பேச்சுக்கு என்ன வேலை எனச் சிலர் வியக்கக்கூடும். அவ்வியப்பிற்கு விடை எளிது. எழுதுகருவி எவன் கையில் இருக்கின்றதோ, அவன் மொழியே எழுதப்படும். எவன் மொழி எழுதப்படவில்லையோ, அவன் வரலாற்றைப் பிறன் எழுதுவான்.

கல்லில் எழுதியவன் தமிழன். சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. இக் கிருட்டிணகிரி, தருமபுரி மண்ணில் நிற்கும் நடுகற்களே போதும். ஆநிரைப் பூசலில் வீழ்ந்த மறவனின் உருவம். அவ்வுருவின் அருகே சில வரிகள். எம் மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீழ்ந்தவன் யார், எவ்வூர்ப் பூசலில் வீழ்ந்தான் என்று வட்டெழுத்திற் பொறித்து வைத்தான். படமும் உரையும் ஒரே பரப்பில்; வழிப்போக்கர் எவரும் நின்று படிக்கலாம்; படிக்கக் கட்டணம் இல்லை. வலைப்பக்கம் என்பதும் இதுவேதான். கல் மாறியிருக்கின்றது, கருத்து மாறவில்லை.

ஆனால், இடையில் ஓர் இழப்பு நேர்ந்தது. அதனை மறைத்துப் பேசுதல் தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. ஐரோப்பாவில் 1450-களில் அச்சுப்பொறி இயங்கத் தொடங்கியது. தமிழெழுத்தில் முதல் நூல் அச்சேறியது 1578-இல், கொல்லத்தில். ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் அப் 16 பக்க நூலை வெளியிட்டவர் போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த என்றிக்கே என்றீக்கசு என்னும் கிறித்துவத் துறவி. அவர் தமிழுக்குச் செய்த நன்றி மறக்கத்தக்கதன்று. எனினும், எழுத்தை வார்த்த கையும், எதனை அச்சிடுவது என்று தீர்மானித்த உள்ளமும் தமிழனுடையவை அல்ல. உரிமக் கட்டு 1835-இல் மெட்காபு என்பாரால் தளர்த்தப்பட்ட பின்னரே தமிழர்தம் அச்சகங்கள் பெருகின. இடைப்பட்ட இருநூற்றைம்பது ஆண்டுகளில் ஓலையிலேயே கிடந்து செல்லரித்தவை எத்தனையோ! கருவியைக் கற்கப் பிந்திய இனம், தன் செல்வத்தைச் செல்லுக்கு இரையாக்கும் என்பதே அவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

இனி, வலையின் வரலாற்றைக் காண்க. செனீவா நகரையடுத்த ‘செர்ன்’ என்னும் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்சு-லீ என்னும் ஆங்கிலேயர், ஆய்வாளர் தம் ஆவணங்களை ஒன்றோடொன்று தொடுத்து வைக்கும் முறையை 1989 மார்ச்சில் முன்மொழிந்தார். 1991-இல் அவ்வலை வெளியுலகிற்குத் திறக்கப்பட்டது. 1993 ஏப்பிரல் 30-இல், யாவரும் இலவயமாகப் பயன்படுத்தலாம் என்று அவ்வாய்வுக்கூடம் அறிவித்தது. காப்புரிமைக் கட்டணம் இல்லை, உரிமம் இல்லை, அச்சகம் வைக்க வேண்டிய முதலும் இல்லை. கற்றவன் எவனும் எழுதலாம் என்னும் நிலை மாந்தர் வரலாற்றில் அன்றுதான் தோன்றியது.

அங்கே தமிழ் எப்பொழுது ஏறியது? நான்கே ஆண்டுகளில்! 1995 அக்டோபர் 27-ஆம் நாள், சிங்கப்பூரின் நான்கு மொழிப் பாக்களையும் தாங்கிய வலைத்தளம் ஒன்றை அந்நாட்டின் அன்றைய குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். தமிழ் ஏறிய முதல் வலைத்தளம் என வரலாற்றில் குறிக்கப்படுவது அதுவே. அதில் தமிழை ஏற்றியவர் நா. கோவிந்தசாமி என்னும் பெருமகனார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த டான் டின் வீ போன்றோர் உடனிருந்து உழைத்தனர்.

இந்தக் கோவிந்தசாமி யார்? பொறியியற் பட்டத்தோடு புறப்பட்டவரா? பெருந்தொழிலகத்தின் உரிமையாளரா? அல்லர். அவர் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர், சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் பயிற்றிய விரிவுரையாளர். வகுப்பறையில் தமிழ் சொல்லிக்கொடுத்த கைதான் கணினியைத் தொட்டது. தமிழ் தெரியாத கணினிக்குத் தமிழ் கற்பிப்பதும் ஆசிரியன் கடனே என்று எண்ணினார் போலும்! ‘கணியன்’ என்னும் மென்பொருளை ஆக்கினார். ‘இணையம்’ என்று இன்று சிறு குழந்தையும் சொல்லும் சொல்லை வழங்கியவர் அவரே என்பர். 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கு முன்னின்றார். 1999 மே 26-இல், 53-ஆம் அகவையில் மறைந்தார். அச்சுக்குத் தமிழைக் கொண்டு சென்றவர் அயலார். வலைக்குத் தமிழைக் கொண்டு சென்றவர் தமிழாசிரியர். இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணவன் நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் மட்டுமல்லர். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை ஆக்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வு செய்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை வடித்தார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தமிழ் நூல்களை வலையில் யாவர்க்கும் இலவயமாக வைக்கும் பணிக்கு வித்திட்டார். இவர்கள் எவரும் ஆணை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கற்றனர், செய்தனர்.

அவையோரே! அந்தக் கல்வி கடினமானதன்று. அதன் அடிப்படையை இங்கேயே சொல்லிவிடலாம்.

வலைப்பக்கம் என்பது ஓர் எளிய எழுத்துக் கோப்பு. அதனை எழுதும் முறைக்கு மீயுரைக் குறிமொழி என்று பெயர். ஆங்கிலச் சுருக்கம் எச்.டி.எம்.எல். கணினியிலுள்ள ‘நோட்பேடு’ போன்ற எளிய குறிப்பேட்டு மென்பொருளே போதும். கைப்பேசியிலும் இத்தகைய குறிப்பேடுகள் உண்டு. எழுதிய கோப்பை எச்.டி.எம்.எல். என்னும் பின்னொட்டுடன் சேமித்து, உலாவியில் திறந்தால் பக்கம் தோன்றும். இதற்கு இணைய இணைப்புகூட வேண்டா. கற்கத் தொடங்குவோர் பலர் இதனை அறியாமல், கட்டணம் கட்டிய பின்னரே கற்க முடியும் என்று மயங்குகின்றனர்.

கோண அடைப்புக்குள் எழுதப்படுவது குறி. ஒரு குறி தொடங்கும். சாய்கோடு இட்ட அதே குறி முடிக்கும். இரண்டிற்கும் நடுவில் நிற்பது உள்ளடக்கம். ‘எச்1’ என்னும் குறி, தன்னுள் அடங்கியது தலைப்பு என்று உலாவிக்குச் சொல்லும். ‘பி’ என்பது பத்தி. ‘ஏ’ என்பது வேறொரு பக்கத்திற்குக் கொண்டுசெல்லும் தொடுப்பு. பட்டியலுக்கு ஒரு குறி, படத்திற்கு ஒரு குறி. குறிக்குள் குறி அடங்கலாம். ஆனால், உள்ளே திறந்தது உள்ளேயே முடிய வேண்டும். பெட்டிக்குள் பெட்டி வைப்போன் உட்பெட்டியை மூடிய பின்னரே வெளிப்பெட்டியை மூடுவான் அல்லனோ? அவ்வளவே இலக்கணம்.

பக்கத்திற்குத் தலை, உடல் என இரு பகுதிகள் உண்டு. தலையில் இருப்பது படிப்பவர்க்கு அன்று, உலாவிக்குச் சொல்லும் செய்தி. உடலில் இருப்பதே கண்ணுக்குத் தெரிவது. நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி ஆகிய ஒப்பனைகளைத் தனித்தாளில் எழுதி இணைப்பது அடுத்த நிலைப் பாடம். முதலில் எலும்புக்கூடு நிற்கட்டும். ஆடை அணிகள் பின்னர் வரலாம்.

1991-இல் வெளியான முதற் குறிப்பட்டியலில் இருந்த குறிகளைப் பதினெட்டு எனக் கணக்கிடுவர். தமிழ் மெய்யெழுத்துகளின் தொகையும் பதினெட்டே! இன்று குறிகள் நூற்றுக்கு மேல் பெருகிவிட்டன. எனினும், தொடங்குவோன் பன்னிரண்டு குறிகளை அறிந்தாலே ஓர் ஊரின் வரலாற்றை எழுதிவிடலாம். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் பயின்று இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஆளும் தமிழ்ப் பிள்ளைக்கு இஃது ஒரு சுமையா?

இங்கே ஒரு தடை எழும். குறிகள் எல்லாம் ஆங்கிலமாயிற்றே! தனித்தமிழ் பேசுவோன் ஆங்கிலக் குறியைத் தொடலாமா? இவ்வினாவை ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. உண்மைதான், குறிகள் ஆங்கிலச் சொற்களின் சுருக்கங்களே. உலகெங்குமுள்ள உலாவிகள் அவற்றையே அறியும். ஆயின், அக்குறிகளைப் படிப்பவர் காண்பதில்லை. கட்டடம் எழும்பிய பின் சாரத்தைக் காண்பவர் யார்? சாரம் எம்மரத்தாலானது என்பதனால் கோயில் அயலதாகிவிடாது. சீனரும் அரபியரும் இதே குறிகளைக் கொண்டுதான் தத்தம் மொழியில் எழுதிக் குவிக்கின்றனர். குறியைக் கற்க மறுப்போன் ஆங்கிலத்தைத் தோற்கடிப்பதில்லை; ஆங்கிலத்திற்கு இடம் விட்டுக்கொடுக்கின்றான்.

அதே வேளையில், குறி ஆங்கிலம் என்பதையே சாக்காக வைத்துக்கொண்டு, தலைப்பையும் பத்தியையும் தொடுப்பின் பெயரையும் ஆங்கிலத்திலேயே எழுதுவோரும் உளர். ‘முகப்பு’ என எழுத வேண்டிய இடத்தில் ‘ஓம்’ என எழுதுகின்றனர். ‘தொடர்புக்கு’ என்பது ‘காண்டாக்ட்’ ஆகின்றது. இவற்றிற்குக் கணினி கரணியமன்று. எழுதுவோன் சோம்பலே கரணியம். குறி தவிர அனைத்தும் தமிழாகலாம். வலை முகவரியும் தமிழாகலாம்: இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்னும் நாட்டுப் பின்னொட்டுகள் 2010, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே தமிழெழுத்தில் வழங்கப்பட்டுவிட்டன. வாயில் திறந்து கிடக்கின்றது. உள்ளே நுழைவோர் எங்கே?

இனி, தமிழில் எழுதுவோன் மறவாது செய்ய வேண்டியவை சில உள. இவை பொதுப் பயிற்சியகங்களில் அழுத்திச் சொல்லப்படுவதில்லை. ஆங்கிலம் எழுதுவோனுக்கு இவை தவறினும் பெருங்கேடு நேராது. தமிழ் எழுதுவோனுக்கோ பக்கமே பாழாகும்.

முதலாவது, எழுத்துக் குறியாக்கம். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவிற்குத் தான் விரும்பிய எண்ணைக் கொடுத்தது. ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால், கணினி உள்ளே வைத்துக்கொள்வது நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்! அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தோன்றாது, குப்பைதான் தோன்றும். வலைத்தளத்திற்கு ஓர் எழுத்துரு என்றிருந்த அந்தக் குழப்பத்தில் தமிழ் தமிழோடு பேச முடியாமல் நின்றது. 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. உலக எழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த காலை, தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது.

ஒருங்குறியில் அகரத்திற்கு எண் 2949, ழகரத்திற்கு 2996. அந்த எண் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் தொராண்டோவிற்கும் ஒன்றே. எனவே, பக்கத்தின் தலையில் ‘யூ.டி.எப்.-8’ என்னும் குறியாக்கத்தை அறிவிக்கும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். கோப்பையும் அக்குறியாக்கத்திலேயே சேமிக்க வேண்டும். இந்த ஒரு வரி விடுபட்டு, தமிழ்ப்பக்கம் கட்டங்களாகவும் கிறுக்கல்களாகவும் சிதைவதுண்டு.

ஒருங்குறியிலும் தமிழறிஞர்க்கு மனக்குறை உண்டு. ‘தேன்கனிக்கோட்டை’ என்னும் பெயரில் எத்தனை எழுத்து? தே, ன், க, னி, க், கோ, ட், டை என எட்டு எழுத்து என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளை எண்ணிச் சொல்லும். கணினியோ பதினைந்து என்று எண்ணும்! புள்ளியையும் ஏகாரக் குறியையும் தனித்தனியே எண்ணுவதால் வந்த வினை இது. இந்திய எழுத்துகள் அனைத்திற்கும் ஒரே அச்சை வகுத்த பழைய தரத்தின் வழியில் தமிழையும் அடுக்கியதால், மெய்யெழுத்திற்குத் தனியிடம் கிடைக்கவில்லை. இக்குறையை நீக்கவே ‘அனைத்தெழுத்துக் குறியாக்கம்’ ஒன்றும் 2010-இல் அரசால் ஏற்கப்பட்டது. எனினும் உலக உலாவிகள் நடைமுறையில் அறிந்தது ஒருங்குறியே. அடுக்கு முறை வகுக்கப்பட்டபொழுது அவ்விடத்தில் அமர்ந்திருந்த தமிழர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க. கருவியைக் கற்றவர் பெருகினால்தான் அடுத்த தரத்தில் தமிழ் இலக்கணத்திற்கு நாற்காலி கிடைக்கும்.

இரண்டாவது, மொழியை அறிவித்தல். பக்கத்தின் தொடக்கக் குறியிலேயே ‘லேங்கு’ என்னும் பண்பிற்கு ‘டி, ஏ’ என்னும் ஈரெழுத்தை மதிப்பாகத் தர வேண்டும். இது தமிழ்ப்பக்கம் என்னும் அறிவிப்பு அது. பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள், அவ்வறிவிப்பைக் கொண்டே தமிழ்க் குரலைத் தெரிவு செய்யும். அந்த ஈரெழுத்தை இடாத பக்கம், பார்வையற்ற தமிழனுக்கு ஊமைப் பக்கம் ஆகிவிடக்கூடும். தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழோடு ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதியில், பிறமொழிப் பத்தி ஒன்றை அதே பக்கத்தில் இட நேர்ந்தால், அப்பத்திக்கு அம்மொழியின் குறியைத் தனியே இடலாம். ஒவ்வொரு மொழியும் தன் பெயரோடு தன் இடத்தில் நிற்பது பிழையன்று. ஒரே வரிக்குள் கலந்து இரண்டும் கெடுவதே பிழை.

மூன்றாவது, எழுத்தை எழுத்தாகவே எழுதுதல். தமிழ் அறிவிப்புகளை அழகாக வரைந்து படமாக்கி அப்படியே ஒட்டிவிடுகின்ற வழக்கம் பெருகியிருக்கின்றது. படத்திலுள்ள எழுத்தை ஒருவர் எளிதில் படியெடுக்க முடியாது, தேடுவோர் கண்ணில் பெரும்பாலும் படாது, பெரிதாக்கினால் மங்கும். படம் வேண்டுமாயின் இடுக. ஆனால், அப்படத்திற்குரிய குறிக்குள்ளேயே, படம் காட்டுவது இன்னது என்று ஒரு வரித் தமிழ் விளக்கமும் தருக. அதற்கென்றே ஒரு பண்பு உண்டு.

நான்காவது, கைப்பேசியை நினைத்தல். திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் அமையுமாறு சொல்லும் வரி ஒன்றைத் தலையில் சேர்க்க வேண்டும். ஓசூர்த் தொழிலகத்தில் பணி முடித்துப் பேருந்தில் திரும்பும் தொழிலாளியின் கையில் இருப்பது கைப்பேசியே. அவர் கண் சுருக்கிப் படிக்க வேண்டிய பக்கம், படிக்கப்படாத பக்கம்.

இவ்வளவும் கற்க ஒரு கோடை விடுமுறை மிகுதி. அதன் பின்னரே கோப்பை வழங்கியில் ஏற்றுவது, முகவரி பெறுவது ஆகியன வரும். கட்டணமின்றி இடம் தரும் வழங்கிகளும் உள்ளன.

சரி, கற்று எதனை எழுதுவது? இவ்வினாவில்தான் தேன்கனிக்கோட்டையின் நிலை அடங்கியிருக்கின்றது. இங்கிருந்து ஓசூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அதனைத் தாண்டினால் பெங்களூரு. கணினி கற்கும் இளைஞர் பலரும் அத்திசை நோக்கியே செல்கின்றனர். செல்லட்டும்; பிழைப்பு வேண்டும். ஆனால், அங்கே கற்ற கல்வியால் பிறர் கடைக்கும் பிறர் வணிகத்திற்கும் ஆங்கிலப் பக்கம் அமைத்துத் தந்தவர், தம் ஊருக்கு ஒரு தமிழ்ப்பக்கம் அமைத்தனரா? 

இவ்வூரின் பெயரையே பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதப்படும்பொழுது முதலெழுத்தில் தகரம் டகரத்திற்கு இடங்கொடுக்கின்றது, நெடில் மறைகின்றது. அவ்வாங்கில வடிவைப் பார்த்துப் பொறி மீண்டும் தமிழாக்கும்பொழுது ‘தேன்’ என்பது ‘டென்’ ஆகிவிடும். ஊரின் பெயரிலுள்ள தேனையே வடித்துவிட்டு வெறும் சக்கையைத் திருப்பித் தருகின்ற இக்கொடுமையைத் தடுப்பது எப்படி? கண்டன அறிக்கை எழுதி அன்று. ‘தேன்கனிக்கோட்டை’ என்று பிழையறத் தமிழில் எழுதிய பக்கங்களை நூற்றுக்கணக்கில் வலையில் ஏற்றித்தான். பொறி, தான் கண்டதையே கற்கும். அதன் கண்ணில் படுமாறு எழுதாதவர்க்கு அதனைக் குறை கூறும் உரிமை பாதிதான்.

எழுதுவதற்குப் பொருளா இல்லை? மல்லசந்திரத்துக் கற்றிட்டைகள் உண்டு. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்கள் உண்டு. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்குக் காட்டுயிர்ப் புகலிடமும் அதன் யானைகளும் உண்டு. கேழ்வரகின் வகைகளையும், களி கிண்டும் பக்குவத்தையும், மழைக் குறிகளையும் அறிந்த பாட்டிமார் இன்னும் இருக்கின்றனர். ஒவ்வொரு சிற்றூரிலும் ஏரிக்கு ஒரு பெயர், பாறைக்கு ஒரு பெயர், ஓடைக்கு ஒரு பெயர் உண்டு. தொழிற்பேட்டைகள் விரிய விரிய நிலம் கைமாறுகின்றது. பழைய பெயரின் மீது புதிய மனைப்பிரிவின் பெயர் ஏறுகின்றது. இப்பெயர்களை இன்று எழுதிவைக்காவிடில், நாளை அவற்றைச் சொல்லும் நாவும் இராது. வலைப்பக்கம் கற்றல் என்பது வேலைக்கு மட்டும் உரிய பயிற்சியன்று; மறையவிருக்கும் சொற்களுக்கு நடுகல் நாட்டும் பணியுமாகும்.

எனவே, மாணவச் செல்வங்களே! ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதுக. தலைப்பாக உங்கள் சிற்றூரின் பெயர்; முதற்பத்தியில் ஊர் அமைந்த இடம்; அடுத்து ஏரி, பாறை, ஓடைப் பெயர்களின் பட்டியல்; ஒரு படம், அதற்கு ஒரு வரி விளக்கம்; பக்கத்து ஊரின் பக்கத்திற்கு ஒரு தொடுப்பு. அவ்வளவே. பிழை நேரும். குறியை மூட மறந்தால் பக்கம் கலையும், மூடினால் சீர்ப்படும். எழுத்து உடைந்தால் குறியாக்க வரியைத் தேடுக. கல்தச்சன் உளி தவறினால் கல் போகும். இங்கே தவறினால் ஒரு வரிதான் போகும். அஞ்ச வேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்களே! கணினி அறையைக் கணினி ஆசிரியர்க்கே விட்டுவிட வேண்டா. எழுத்துப்பிழையும் சந்திப்பிழையும் இன்றி ஒரு தமிழ்ப்பக்கம் எழுதச் செய்வது தமிழாசிரியர் கடன். சிங்கப்பூரில் ஒரு தமிழாசிரியர் செய்து காட்டியதைத் தமிழ்நாட்டு ஆசிரியர் செய்ய இயலாதா?

பெற்றோரே! பிள்ளை கணினி முன் அமர்ந்தால், இன்று தமிழில் என்ன எழுதினாய் என்று ஒரு வினாவைக் கேளுங்கள். அவ்வொரு வினா போதும்.

ஓலைக்காலத்தில் எழுதியவர் சிலர். அச்சுக்காலத்தில் எழுதியவர் பலர். வலைக்காலத்தில் எழுத இயலாதவர் எவருமில்லை. கருவி கையில் இருக்கின்றது. மொழி நாவில் இருக்கின்றது. செய்தி இம்மண்ணில் இருக்கின்றது. மூன்றையும் இணைப்பதற்கு வேண்டியவை பன்னிரண்டு குறிகளும் சிறிது விடாமுயற்சியுமே.

கற்க! எழுதுக! வலையில் ஏறுக தமிழ்!